நான் எழுதிவைத்த பன்னிரண்டு மீன்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச்சை எடுத்தால் எழுந்து போய் காபி போடுகிற ஆள் நான். எங்கள் வீடு மலையாள எல்லையில், பாறசாலைப் பக்கம், தமிழ் சர்ச் குடும்பம், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாவிட்டால் அம்மா இரண்டு நாள் பேசமாட்டாள், ஆனாலும் எனக்குப் பரலோகத்தைப் பற்றியே பாதி சந்தேகம் உண்டு, அப்படியிருக்க யட்சியும் மாடனும் எம்மாத்திரம்? படித்தது விலங்கியல். வேலை மீன் எண்ணுவது. நீங்கள் சிரிக்கலாம், பெண் பார்க்க வந்தவர்களும் சிரித்தார்கள். புது அணைகளில் என்ன மீன் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுக்கிற ஒரு திட்டத்தில் ஒப்பந்த வேலை. இப்போது நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பவேண்டும் என்று கட்டாயமில்லை, நீங்கள் வந்து என்னிடம் சொன்னால் நானும் நம்பமாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதுவும் பட்டப்பகலில்.

வித்துராவைத் தாண்டி மலைப்பக்கமாக ஒரு கிளைச் சாலை போகிறது. அதில் உள்ளே போனால் ஒரு காட்டாற்றை மறித்துச் சின்னதாக ஓர் அணை கட்டியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர் நிரம்பி இரண்டு மழைக்காலம்தான் ஆகியிருந்தது, முழுகிப்போன ரப்பர் மரங்களின் உச்சிக் கொம்புகள் இன்னும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தன. புது அணை என்றால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது கட்லா மீன்குஞ்சு விடுவதுதான். சீக்கிரம் வளரும், சந்தையில் போகும், நான் அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஆற்றில் கூரல் என்று ஒரு மீன் உண்டு, ஓடுகிற தண்ணீரில் முட்டையிடுகிற ஜாதி. அணை வந்த பிறகு ஆறு உள்ளே வந்து சேருகிற அந்த ஒரு மூலையில்தான் அதற்குப் பிழைப்பு. அந்த மூலையிலும் கட்லாவைக் கொண்டுபோய்க் கொட்டினால் கூரலுக்குத் தீனியும் கிடையாது, இடமும் கிடையாது. ஒருமுறை விட்ட குஞ்சை யாராலும் திரும்பப் பொறுக்க முடியாது. கூரல் அங்கே நன்றாகப் பெருகி இருக்கிறது என்று நான் காட்டினால் அந்த மூலையை விட்டுவிடுவார்கள், காட்டாவிட்டால் கட்லாக் குஞ்சு ஏற்றிய வண்டி வந்துவிடும். விஷயம் இவ்வளவுதான், இதற்காகத்தான் நான் அத்தனை பாடும் பட்டது, அந்தத் தப்பைச் செய்ததும் இதற்காகத்தான்.

எண்ணுவது எப்படி என்று கேட்பீர்கள். அணையை இறைத்துவிட்டா எண்ண முடியும்? கொஞ்சம் மீனை உயிரோடு பிடித்து, நீளம் பார்த்து, எடை பார்த்து, முதுகுத் துடுப்புக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் நெல்மணியை விடக் கொஞ்சம் நீளமான ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் குத்தித் திரும்ப விடுவோம். டேக்கில் எண் இருக்கும். பத்து நாள் கழித்து மறுபடி வலை போட்டு, கிடைப்பதில் எத்தனை மீன் டேக்கோடு வருகிறது என்று பார்த்தால் மொத்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். முதல் சுற்றில் குறைந்தது நூற்றிருபது மீனுக்காவது டேக் குத்தியிருக்கவேண்டும், இல்லையென்றால் கணக்கெடுப்பே செல்லாது என்பது எங்கள் திட்டத்தின் விதி.

எனக்குப் படகு ஓட்டியவர் தாசன். ஐம்பது வயதிருக்கும், போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பம், தோட்டத்தில் வேலை நின்றபிறகு கீழே வந்து கிடைத்த வேலையைச் செய்கிறவர். மீனைக் கையில் பிடித்தால் குழந்தையைப் பிடிக்கிற மாதிரிப் பிடிப்பார், ஒரு செதில் உதிராது. அவர் பிடிப்பார், நான் அளந்து குத்தி எழுதுவேன். முதல் சுற்றின் கடைசி நாள் பதினொரு மணிக்கே மலை கறுத்து, மழை அடித்த அடியில் படகில் பாதி வரைக்கும் தண்ணீர் நிறைந்துவிட்டது, கரை ஏறிவிட்டோம். அப்போது நூற்றெட்டு மீன் ஆகியிருந்தது. ஆறு கலங்கிவிட்டால் ஒரு வாரத்துக்கு வலை போட முடியாது, மறுநாள் மாலைக்குள் அளவெல்லாம் எழுதிய தாள் அலுவலகம் போய்ச் சேரவேண்டும்.

பன்னிரண்டு மீன் குறைவு. வித்துராவில் எடுத்திருந்த வாடகை வீட்டில், மத்தியான வெளிச்சத்தில், நன்றாக விழித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பன்னிரண்டையும் நானே எழுதினேன். பொய் எழுதுவது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நீளங்களை முழு எண்ணாக வைக்காமல் பன்னிரண்டு புள்ளி ஆறு, பதினைந்து புள்ளி மூன்று என்று போட்டேன், நம்பும்படி இருக்கவேண்டுமே. ஒன்றுக்கு வால் கிழிந்திருக்கிறது என்று எழுதினேன். நூற்றுப் பதின்மூன்றுக்கு இடது கண் இல்லை என்று எழுதினேன், அதை எழுதியபோது என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நூற்றொன்பது முதல் நூற்றிருபது வரை பன்னிரண்டு டேக்குகளையும், அவை வரிசையாகக் கோத்து வருகிற பட்டியிலிருந்து நறுக்கி, பின்பக்கம் குளிக்க வெந்நீர் போடுகிற அடுப்பில் எறிந்தேன். அவை உருகி ஒன்றாகிற வரைக்கும் நின்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது. மீனுக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டேன், மீன் கேட்டதா என்ன?

பத்து நாள் கழித்து இரண்டாம் சுற்று. காலை ஏழு மணி, தண்ணீர் தெளிந்து கண்ணாடியாகக் கிடந்தது, வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. முதல் வலையில் இருபது மீனுக்கு மேல் இருந்தது, அதில் இரண்டு டேக்கோடு. ஒன்று நாற்பத்தேழு. தாசன் அடுத்ததைத் தூக்கிப் பார்த்து, "மேடம், இது நூத்தி ஒம்பது, எழுதிக்கோங்க" என்றார்.

"சரியா பாருங்க தாசண்ணா. தொண்ணூறா இருக்கும்."

"எனக்கு என்ன கண்ணு தெரியாதா? இந்தா, நீங்களே பாருங்க."

நூற்றொன்பதுதான். அளவுப் பலகையில் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. பழைய தாளின் நகல் என் பைக்குள் இருந்தது, எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை, நான் யோசித்து யோசித்துப் போட்ட எண் அல்லவா, மனப்பாடமாகத் தெரியும். எடையும் அதேதான். டேக் கம்பெனிக்காரன் ஒரே எண்ணை இரண்டு தடவை அடித்திருப்பான், நான் நூற்றெட்டுக்குப் பதில் மாற்றிக் குத்தியிருப்பேன் என்று இருக்கிற சமாதானம் எல்லாம் சொல்லிக்கொண்டு மீனை விட்டுவிட்டு அடுத்த வலையைப் போடச் சொன்னேன். நான் அப்படித்தான், பயம் வந்தால் வேலையை இன்னும் வேகமாகச் செய்வேன்.

மூன்றாவது வலையில் நூற்றுப் பதின்மூன்று வந்தது. தாசன் அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பாவத்துக்கு ஒரு கண்ணு இல்ல மேடம். பொறந்ததுல இருந்தே இல்ல போல, தோலு மூடிக் கெடக்கு. இத நான் பிடிச்ச ஓர்ம இல்லையே. அன்னைக்கு மழையில சீக்கிரம் கரை கேறிட்டோமே, இத எப்ப குத்துனீங்க?"

வாங்கிப் பார்த்தேன். இடது கண். வலது கண் அல்ல, இடது.

மூன்று நாளில் பதினொன்று வந்தன. வால் கிழிந்ததும் வந்தது. ஒவ்வொன்றும் நான் எழுதிய நீளம், நான் எழுதிய எடை, ஒரு கிராம் கூடவில்லை, குறையவில்லை. உயிருள்ள மீன் பத்து நாளில் கொஞ்சமாவது கூடும் குறையும், மற்ற மீன்கள் எல்லாம் அப்படித்தான் இருந்தன, இவை மட்டும் என் தாளைப் பார்த்து நடந்துகொண்டன. யாராவது விளையாடுகிறார்களா என்று பார்த்தேன். தாளின் நகல் என் பையில், பை என் அறையில், டேக் பட்டியும் குத்துகிற கருவியும் பூட்டில். அடுப்படிக்கு ஓடிப்போய்ச் சாம்பலைக் கிளறினேன். உருகி இறுகிய மஞ்சள் கட்டி ஒன்று, புளியங்கொட்டை அளவில், அங்கேயே இருந்தது. நம்பினால் நம்புங்கள், அது இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது.

எப்படி வந்தன என்று யோசித்து ஒன்றும் ஆகப்போவதில்லை என்று நாலாம் நாள் காலையில் முடிவு செய்தேன். நான் பொய் எழுதினேன், அந்தப் பொய்யின் மேல் கூரலின் கதி முடிவாகக்கூடாது, அது மட்டும்தான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. நேரே நகரத்துக்குப் பஸ் ஏறினேன். எங்கள் அதிகாரி சிதம்பரம் சார், ஆரியசாலையில் மளிகை மண்டிக் குடும்பத்தில் பிறந்தவர், பூர்வீகம் நாஞ்சில் நாடு. எதையும் நிதானமாகக் கேட்பார். எல்லாவற்றையும் சொன்னேன், அடுப்பு உட்பட.

"என்னம்மா சொல்லுதே? பதினொண்ணு திரும்பக் கிட்டியிருக்கு. மீனு உண்டு, டேக் உண்டு, நீளமும் செரியா இருக்கு. பின்னே இதுல எதுதான் பொய்?"

"நான் பிடிக்கல சார்."

"அப்போ யாரு பிடிச்சா?"

"அறியாது சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கேட்டியா, ஒறக்கம் இல்லாம ஜோலி பாத்தா இப்பிடித்தான் ஆவும். வீட்டுக்குப் போயி ரெண்டு நாளு கெட. ரிப்போர்ட்ட நான் அனுப்பிக்கிடுதேன். உனக்கு வேண்டியதுதானே அதுல வந்திருக்கு?"

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. எனக்கு வேண்டியதுதான் வந்திருந்தது, அதுதான் பிரச்சினை. "அந்தப் பன்னிரண்டையும் அடிச்சிட்டு முதல்ல இருந்து எண்ணுறேன் சார். பச்சை டேக் தாங்க. மஞ்சள்ல ஒண்ணையும் எடுக்கமாட்டேன். கூரல் போதாதுன்னு வந்தா அப்பிடியே எழுதித் தருவேன்."

"போதாதுன்னு வந்தா வண்டி வந்திரும், தெரியுமில்லா?"

"தெரியும்."

"உனக்க முயலுக்கு எப்பவும் மூணு காலுதான்" என்று சிரித்துவிட்டு, "செரி, குஞ்சு வண்டிய மூணு ஆழ்ச நிறுத்தி வைக்கேன். அதுக்கு மேல என்னால ஒக்காது" என்றார். மூன்று வாரம் கிடைத்தது.

அவர் எதிரிலேயே உட்கார்ந்து, சிவப்புப் பேனாவால் ஒவ்வொரு வரியாக அடித்துக் கையெழுத்துப் போட்டேன். நூற்றொன்பது, நூற்றுப் பத்து என்று வந்து, கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. திரும்பி வராத அந்தப் பன்னிரண்டாவது மீன், நூற்றிருபது. எங்கள் அளவுப் பலகையில் கோடுகள் மில்லிமீட்டரில் இருக்கும், தாளில் எழுதுவது சென்டிமீட்டரில், புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் முதல் வாரம் இதில் சறுக்குவார்கள், நான் சறுக்கி வருஷங்கள் ஆகிறது. அன்றைக்கு அவசரத்தில் சறுக்கியிருந்தேன். பதினான்கு புள்ளி ஒன்று என்று இருக்கவேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தொன்று என்று இருந்தது. நூற்று நாற்பத்தொரு சென்டிமீட்டர், என் தோள் உயரம். எடை மட்டும் சின்ன மீனுக்கு உரியது, முப்பத்திரண்டு கிராம், ஒரு சின்ன எலுமிச்சம்பழம் அவ்வளவு இருக்கும். மீனின் பெயரை எழுதுகிற கட்டத்தில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை.

சாரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன? அந்த வரியையும் அடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாளே தண்ணீரில் இறங்கினேன். பயம் இல்லை என்று சொன்னால் பொய், ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. அப்பா போனில் வேலையை விட்டுவிட்டு வா என்றார், அம்மா சபையில் சொல்லி ஜெபித்தாள், நான் பச்சை டேக் குத்திக்கொண்டிருந்தேன். மீன் கிடைக்காத நாளில் கிடைக்கவில்லை என்று எழுதினேன், அப்படி எழுதுவதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மீனையும் தாசன் பலகையில் வைத்து எண்ணை உரக்கச் சொல்லவேண்டும், நான் திருப்பிச் சொல்லவேண்டும், அதன் பிறகுதான் பேனாவைத் தொடுவேன். நூற்றிருபதைத் தாண்டி நூற்று முப்பத்திரண்டில் நிறுத்தினோம். இடைவெளி விட்டு மறுபடி வலை போட்டோம். மஞ்சள் டேக் வந்தால் தாசன் ஒன்றும் கேட்காமல் திரும்ப விட்டார்.

கடைசி நாள் காலை, ஒன்பது மணி இருக்கும். ஆறு வந்து சேருகிற வாயில் குறுக்காகப் போட்டிருந்த வலையைப் படகிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தோம். மேலே மிதக்கிற கட்டைகள் வரிசையாக ஒரு பக்கம் சாய்ந்தன. ஆனால் ஒன்றும் அமுங்கவில்லை.

"வலைக்குள்ள என்னமோ ஓடுது மேடம்" என்றார் தாசன், கயிற்றைக் கையில் ஏந்திப் பார்த்தபடி. "ஆனா கனமே இல்லையே. வெறும் வலை மாதிரி வருது."

நான் குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டேன். ஏன் விட்டேன் என்று கேட்காதீர்கள். அது என்ன என்று பார்க்காமல் கரை ஏறினால் வாழ்நாள் முழுக்க ஏறமாட்டேன் என்று தோன்றியது. உள்ளங்கையில் ஏதோ உரசியது. ஈர வேட்டியை யாரோ ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை மெல்ல இழுத்தால் எப்படி இருக்கும், அப்படி, குளிர்ச்சியாக, எடையே இல்லாமல், போய்க்கொண்டே இருந்தது. முடியும் முடியும் என்று பார்த்தேன், முடியவில்லை. நடுவில் எங்கேயோ விரலில் சின்னதாக, கெட்டியாக ஒன்று தட்டியது, அந்தத் தடிப்பு என்ன என்று எனக்குத் தெரியும், ஆயிரம் தடவை குத்தியிருக்கிறேன். விரலை மடக்கினால் பிடித்திருக்கலாம். மடக்கவில்லை. வலையைத் தூக்கினோம், பதினேழு கூரல் இருந்தது, வலையில் ஒரு கண்ணிகூட அறுந்திருக்கவில்லை.

கணக்கு வந்தது. பொய் சேர்த்துப் போட்ட கணக்கைவிடக் குறைவுதான், ஆனால் போதும். அந்த மூலையை விட்டுவிட்டார்கள், குஞ்சு வண்டி வேறு அணைக்குப் போனது. அன்று பஸ்ஸில் வித்துராவிலிருந்து நெடுமங்காடு வரைக்கும் நான் அழுதுகொண்டே வந்தேன், சந்தோஷத்தில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருக்கவே மாட்டேன். போன வாரம் ஒரு போன் வந்தது. பழைய தாள்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலையைக் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறார்கள், அங்கிருந்து ஒரு பெண். மலையாளத்தில் ஆரம்பித்து, என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"மேடம், உங்க ஷீட்ல ஒரு செவப்பு மையில அடிச்ச வரி இருக்கில்லே, நூத்தி இருபது. அடிச்சதையும் ஏத்தணும்னு சொல்லியிருக்காங்க. அதுல மீனோட பேரு இல்ல. காலியா விட்டா சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது."

"ஒண்ணும் போடாதீங்க" என்றேன். "நான் நேர்ல வரேன். அந்த வரிய மட்டும் விட்டுடுங்க."

"ஐயோ சாரி மேடம், போட்டாச்சு. நேத்தே சப்மிட் ஆயிடுச்சு, இனி மாத்த பற்றாது. சும்மா சொல்லிடலாம்னுதான் விளிச்சேன்."

"என்ன போட்டீங்க? கூரல்னா?"

"இல்ல மேடம், எனக்கு என்ன மீன்னு எப்படித் தெரியும்? லிஸ்ட்ல கடைசியா 'மற்றவை'ன்னு ஒண்ணு இருந்துச்சு. அதைப் போட்டேன்."

கூரல் என்று போட்டிருந்தால்கூட என்ன இருந்தாலும் ஒரு மீன்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். 'மற்றவை' என்றால் அது மீனாகவே இருக்கவேண்டியதில்லையே. அடுத்த திங்கட்கிழமை அதே மூலையில் இந்த வருஷத்துக் கணக்கெடுப்பு தொடங்குகிறது. தாசனிடம் படகைத் தயாராக வைக்கச் சொல்லிவிட்டேன். போகத்தான் போகிறேன். தண்ணீருக்குள் கையை விடுவேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.